சாம்பலும் பெயர்களும்

மார்த்தினீக் தீவின் வடமேற்குக் கரையில், கரிபியன் கடலை நோக்கி வளைந்து கிடக்கும் விரிகுடாவின் ஓரத்தில் அமைந்த சிற்றூர் சேன்-பியேர். ஊருக்குப் பின்னால் 1,397 மீட்டர் உயரத்தில் பெலே மலை எழுந்து நிற்கிறது. பெலே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு மொட்டை என்று பொருள். பெரும்பாலான நாள்களில் அந்த மொட்டைத் தலையை முகில் முக்காடிட்டு மறைத்திருக்கும். சுமார் நாலாயிரம் பேர் வாழும் இவ்வூருக்குப் பயணிகள் திரளாக வருகிறார்கள். அவர்கள் காண வருவன கூரையில்லாத சுவர்கள், மேடையிழந்த ஒரு நாடக அரங்கு, எந்த மாடிக்கும் இட்டுச் செல்லாத படிக்கட்டுகள், ஒரு சிறையறை. 1902 மே 8 அன்று ஏறத்தாழ 28,000 உயிர்கள் ஓரிரு நிமிடங்களில் மாண்ட ஊர் இது. இருபதாம் நூற்றாண்டில் எரிமலைகள் கொண்ட உயிர்ப்பலிகளுள் மிகப் பெரியது இதுவே.

மணிமேகலை படித்தவர்களுக்குக் கடல் கொண்ட பட்டினம் புதிதன்று. நெருப்புக் கொண்ட பட்டினம் வேறு வகைப்பட்டது. கடல் தடமின்றி எடுத்துக்கொள்ளும். நெருப்போ சுவர்களை விட்டுவைத்து ஆள்களை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. எஞ்சிய சுவர்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அச்சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களின் பெயர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அவ்வூருக்குத் தம் பெயர்களோடு வந்து இறங்கியவர்களில் தமிழர்களும் உண்டு என்பதால், தமிழில் இக்கதையைச் சொல்வதற்குத் தனியே ஒரு காரணமும் இருக்கிறது.

1635-ஆம் ஆண்டு பியேர் பெலென் தெஸ்னாம்புய்க் என்ற பிரெஞ்சுக்காரர் இக்கரையில் இறங்கிக் கோட்டை ஒன்றை எழுப்பினார். தீவில் அதற்கு முன்பே வாழ்ந்துவந்த கலினாகோ மக்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் துரத்தப்பட்டனர். 1692-இல் ஆட்சித் தலைமை தெற்கே உள்ள ஃபோர்-ருவயால் துறைக்கு, அதாவது இன்றைய ஃபோர்-தெ-ஃப்ரான்ஸ் நகருக்குச் சென்றுவிட்டது. ஆயினும் செல்வம் சேன்-பியேரை விட்டு நகரவில்லை. சர்க்கரை, ரம், காப்பி, கொக்கோ எல்லாம் இங்கிருந்தே பிரான்சுக்குக் கப்பலேறின. ஆளுநர் ஓரிடத்தில், பணம் வேறிடத்தில் என்ற இந்த ஏற்பாடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

துறைமுகம் என்று சொன்னாலும் கப்பல் வந்து ஒதுங்கத்தக்க மறைவான துறை எதுவும் இங்கே இல்லை. திறந்த கடலேதான் துறை. கரையை ஒட்டிய இடத்திலேயே நீர் ஆழமாக இருந்ததால் மரக்கலங்கள் நெருங்கி வந்து வரிசையாக நங்கூரமிட்டன. புயற்காலம் வந்தால் அவை தெற்கு விரிகுடாவின் பாதுகாப்பை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. கரையில் பெர்த்தேன் சதுக்கம். அங்கே கலங்கரை விளக்கம் ஒன்றும், நீரூற்று ஒன்றும், வணிகர் கூடும் மன்றமும் இருந்தன. சர்க்கரைப் பீப்பாய்களையும் ரம் பீப்பாய்களையும் கல் பாவிய அச்சதுக்கத்தின் மீது உருட்டிக்கொண்டு வந்து படகிலேற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். பழைய ஒளிப்படங்களில் அந்தப் பீப்பாய்களின் வரிசையே சதுக்கத்தை நிறைத்து நிற்கிறது.

‘கரிபியத் தீவுகளின் பாரீஸ்’ என்று இவ்வூரை அழைத்தார்கள். 1786-இல் கட்டப்பட்ட நாடக அரங்கில் எண்ணூறு பேர் அமரலாம். போர்தோ நகரத்துப் பேரரங்கை மாதிரியாகக் கொண்டது அது. பிரான்சிலிருந்து இசைநாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து ஆடிப் பாடின. 1803-இல் தொடங்கிய தாவரத் தோட்டம், பின்னாளில் குதிரை இழுத்த டிராம் வண்டி, மின்விளக்கு, தொலைபேசி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தெருவோரக் கால்வாய்களில் மலையருவி நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. ரொக்ஸலான் ஆற்றின் குறுக்கே 1766-இல் கட்டிய கற்பாலம் இன்றும் மக்களைக் கடத்திவிடுகிறது. கடற்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் செங்குத்தான ஒரு சந்துக்கு ‘விண்ணேறும் தெரு’ என்று பெயர். மாலுமிகள் அங்கே ஏறிச் சென்றது விண்ணுலகை நாடி அன்று என்று ஊரார் குறும்பாகச் சொல்வதுண்டு.

இந்த அழகுக்கெல்லாம் அடித்தளம் எது என்பதைப் பெருமையோடு எழுதப்பட்ட பழைய வருணனைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. பீப்பாய்களை நிரப்பியது கரும்புத் தோட்டம். தோட்டத்தில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய வழித்தோன்றல்களும். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தோட்டக் கணக்கில் ஒற்றைப் பெயர். பல வேளைகளில் அதுவும் எசமானன் இட்டது.

சேன்-பியேருக்கு வடக்கே உள்ள ப்ரெஷேர் என்னும் ஊரில் ரொமேன் என்ற அடிமை ஒருவர் இருந்தார். 1848 மே மாதம், வேலைக்கு நடுவே பறையடித்தார் என்பதற்காக அவரைப் பிடித்துச் சேன்-பியேர்ச் சிறையில் அடைத்தார்கள். கிழங்கு சீவும்போது தாளத்துக்கு முழவு ஒலிப்பது அத்தோட்டங்களில் வழிவழி வந்த வழக்கம். அதையே குற்றம் என்றார்கள். செய்தி பரவியது. மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து மக்கள் திரண்டு இறங்கினார்கள். நகராட்சியில் காவற்பொறுப்பு வகித்த கறுப்பினத் தலைவர் போரி-பாப்பி கைதியை விடுவித்தார். எனினும் மே 22 அன்று துப்பாக்கி வெடித்தது. ஊருக்குள் சானுவா குடும்பத்தாரின் மாளிகை தீக்கிரையாகி முப்பதுக்கு மேற்பட்டோர் அதற்குள் மாண்டனர். மறுநாள் ஆளுநர் ரொஸ்தொலான் அடிமைமுறை ஒழிந்தது என அறிவித்தார். பாரீசில் ஏப்ரல் 27 அன்றே விடுதலை ஆணை கையெழுத்தாகியிருந்தது. ஆனால் அதைச் சுமந்து வந்த கப்பல் இன்னும் கரை சேரவில்லை. ஆணை வருமுன்னரே விடுதலை வந்துவிட்டது. ஒரு முழவின் ஒலிக்காகத் தொடங்கிய கலகம் என்பதைக் கவிஞர்கள் கவனிக்காமல் விடமாட்டார்கள். இன்று மே 22 மார்த்தினீக்கில் பொது விடுமுறை நாள்.

விடுதலை பெற்ற எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பப் பெயர்கள் சூட்டும் வேலை அதன் பின் நடந்தது. எழுத்தர்கள் பேரேடுகளைத் திறந்துவைத்துக்கொண்டு ஆளுக்கொரு பெயராக எழுதினார்கள். சிலருக்கு உரோமானிய வீரர்களின் பெயர். சிலருக்குச் செடிகொடிகளின் பெயர். சிலருக்கு எழுத்துகளை இடம் மாற்றிப் புனைந்த பெயர். நகைப்புக்கு இடமான பெயர்களும் இருந்தன. ஆனாலும் அந்த ஏட்டில் எழுதப்பட்ட நாள்முதல் அவர்கள் சட்டத்தின் கண்ணில் மனிதர்களானார்கள்.

விடுதலையானவர்களில் பலர் மீண்டும் கரும்புத் தோட்டத்தில் கால் வைக்க விரும்பவில்லை. மலைமேட்டில் சிறு நிலம் திருத்திக் கிழங்கு பயிரிட்டுப் பிழைப்பதையே விரும்பினர். தோட்ட முதலாளிகளோ ஆளில்லை என்று முறையிட்டனர். உண்மையில் ஆள்கள் இருந்தார்கள். முதலாளிகள் தர எண்ணிய ஊதியத்துக்கு அவர்கள் வரவில்லை, அவ்வளவே. அரசு அம்முறையீட்டுக்குச் செவிசாய்த்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவரப்பட்டனர். பெருந்தொகையினர் வந்தது தமிழகக் கரையிலிருந்து.

1853 மே 6 அன்று ‘ஒரேலி’ என்னும் கப்பல் சேன்-பியேர் விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சியது. அதில் 313 இந்தியர் இருந்தனர். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அத்துறைகளின் வழியே ஆள் திரட்டுவது எளிதாக இருந்தது. சூயெசுக் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, இரண்டு பெருங்கடல்களைத் தாண்டி, மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த கால்கள் முதன்முதலில் பதிந்த மண் இத்துறைமுகத்து மண். பின்னர் 1861-இல் பிரான்சும் பிரித்தானியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. எண்பதுகளின் நடுவில் இக்குடியேற்றம் நிறுத்தப்படும்வரை மார்த்தினீக்குக்கு மட்டும் சுமார் 25,500 இந்தியர் வந்தார்கள். பெரும்பான்மையோர் தமிழ் பேசியவர்கள். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு உரியது. முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பலாம் என்பது வாக்கு. திரும்பியவர்கள் பாதிக்கும் குறைவு.

அவர்களுக்கும் ஏடு உண்டு. ஓர் எண், ஒரு பெயர், வந்த கப்பலின் பெயர் என்று பதிவு நடந்தது. பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முத்துசாமி என்ற பெயர் பதினொரு பிரெஞ்சு எழுத்துகளாக நீண்டது. வீராசாமி, ராமசாமி ஆகியவையும் அவ்வாறே உருமாறி ஏட்டில் ஏறின. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தோடு ஒரு தலைமுறையில் முடிந்துவிடுவது நம் வழக்கம். அங்கோ கப்பலிலிருந்து இறங்கிய பாட்டனின் தனிப்பெயர் அவன் வழிவந்தோர் எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயராயிற்று. ராமசாமி என்ற பெயரைப் பின்னொட்டாகத் தாங்கிய பெண்கள் இன்று அத்தீவில் ஆசிரியைகளாகவும் மருத்துவர்களாகவும் இருக்கலாம். தமிழ்க் காதுக்கு அது விந்தையாகத்தான் ஒலிக்கும். ஏட்டில் ஏறாத மற்றொரு பெயரும் அவர்கள் மீது ஒட்டிக்கொண்டது. உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கும் கூலி என்ற சொல், அங்கே ஓர் இனத்தையே குறிக்கும் வசைச்சொல்லாக மாறிற்று. இச்சொல்லின் வேர் பற்றி வேறு கருத்து உடையவர்களும் உண்டு. வசையின் வலியில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

மனிதர் போவதற்கு முன்னரே நெசவு அங்கே போய்விட்டது என்பதும் குறிக்கத்தக்கது. சென்னைக் கரையிலிருந்து சென்ற கட்டம் போட்ட கைத்தறித் துணியை ‘மத்ராஸ்’ என்றே அழைத்து, சேன்-பியேர்ப் பெண்கள் தலைப்பாகையாகக் கட்டினர். மஞ்சள் போதாது என்று தோன்றினால் அதற்கென்றே இருந்த பெண்களிடம் கொடுத்துக் கட்டங்களின் மீது கையாலேயே பளிச்சென்ற மஞ்சள் தீட்டச் செய்துகொள்வார்கள். இச்செய்தியை விரிவாக எழுதிவைத்தவர் லாஃப்காதியோ ஹெர்ன். கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் இதழாளராய் இருந்த இவர் 1887 முதல் 1889 வரை சேன்-பியேரில் தங்கினார். தலையில் சுமையேற்றி மலைவழி நடந்த சுமைகாரிகள், ஊரைச் சூறையாடிய அம்மைநோய், பாட்டிமார் சொன்ன கதைகள் என எல்லாவற்றையும் காதும் கண்ணும் திறந்து பதிவு செய்தார். பெலே மலையின் உச்சிவரை ஏறி அதற்கெனத் தனிப் பகுதி ஒன்றே எழுதினார். 1848-இல் எரிந்த மாளிகையின் நினைவை அடியொற்றி ‘யூமா’ என்ற குறுநாவலையும் படைத்தார். பிறகு ஜப்பான் சென்று அந்நாட்டவராகவே ஆகி 1904-இல் மறைந்தார். தாம் எழுதிய தெருக்களெல்லாம் சாம்பலான செய்தியைக் கேட்கும் கொடுமை அவருக்கு வாய்த்தது. 1890-இல் வெளிவந்த அவருடைய நூல் அப்போது வெறும் பயண நூலாக இருந்தது. 1902-க்குப் பின் அதுவே ஒரு நகரத்தின் மரண சாசனம் போலாகிவிட்டது. அதே 1887-இல் ஓவியர் போல் கோகேன் இரண்டு கல் தொலைவிலுள்ள கார்பே கடற்கரையில் குடிசை ஒன்றில் தங்கி வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்.

மலை முன்னறிவிப்பு இல்லாமல் வெடிக்கவில்லை. 1902 ஏப்ரல் இறுதியிலேயே நிலம் அதிர்ந்தது, சாம்பல் பெய்தது. கந்தக நெடியில் குதிரைகள் தெருவில் விழுந்தன. மே 5 அன்று கொதிக்கும் சேற்றுவெள்ளம் மலையிலிருந்து பாய்ந்து, ஊருக்கு வடக்கே இருந்த கெரேன் சர்க்கரை ஆலையை அதிலிருந்தவர்களோடு மூடிவிட்டது. அப்போதும் ஊர் காலியாகவில்லை. மாறாக, மலைச்சரிவில் வாழ்ந்தவர்கள் ஊருக்குள் அடைக்கலம் தேடி வந்தார்கள். மே 11 அன்று நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று நடக்கவிருந்ததால் ஆட்சியாளர் மக்களைப் போகவிடாமல் தடுத்தனர் என்ற கதை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. இன்றைய ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. ஏற்காததே நியாயம் என்று தோன்றுகிறது. 1851-இல் இதே மலை சிறிது சாம்பல் தூவிவிட்டு அடங்கியிருந்தது. எரிமலை என்றால் நெருப்புக்குழம்பு மெல்ல வழிந்து வரும், பள்ளத்தாக்குகள் அதைக் கடலுக்குத் திருப்பிவிடும் என்பதே அன்றைய அறிவு. ஆளுநர் அமைத்த குழு மே 7 அன்று அவ்வாறே கருதி, ஊருக்கு ஆபத்தில்லை என்றது. குழுவில் இருந்த பள்ளி ஆசிரியர் லாந்தும், குழுவை அமைத்த ஆளுநர் லூயி முத்தேயும், அவர் மனைவியும் மறுநாள் அவ்வூரிலேயே மாண்டார்கள். பிறரை ஏமாற்றியவர்கள் தாமும் அங்கேயே தங்கியிருக்க மாட்டார்கள்.

மே 8, ஏசு விண்ணேற்ற விழா நாள். காலையில் கோயில் மணிகள் ஒலித்தன. எட்டு மணியளவில் மலை பக்கவாட்டில் பிளந்தது. அனல் வாயுவும் நுண்சாம்பலும் கற்களும் கலந்த கரும்புகைப் பெருவெள்ளம் தரையோடு தரையாக உருண்டு ஓரிரு நிமிடங்களில் ஊரைக் கடந்து கடலுக்குள் சென்றது. இராணுவ மருத்துவமனைக் கடிகாரம் 7.52-இல் நின்றுபோயிற்று. பின்னர் வந்து ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் அல்ஃப்ரெத் லாக்ருவா இந்நிகழ்வுக்கு ‘எரிமுகில்’ என்று பொருள்படும் பெயரைத் தந்தார். எரிமலையியல் நூல்களில் பெலே மலைக்கு நிலையான இடம் கிடைத்தது இவ்வாறுதான். இடிபாடுகளில் கண்ணாடிக் குப்பிகள் உருகிக் குழைந்து கிடந்தன. செம்புக் கம்பிகள் உருகவில்லை. வெப்பம் எதற்கு மேல், எதற்குக் கீழ் என்பதை இந்த இரண்டு பொருள்களைக் கொண்டே கணக்கிட்டார்கள். விரிகுடாவில் நின்ற கப்பல்களும் எரிந்தன. அன்று காலைதான் வந்து சேர்ந்த ‘ரொரைமா’ தீப்பிடித்து மூழ்கியது. ‘ரொடாம்’ என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவர் ஃபிரீமன், வெந்த கைகளோடு சுக்கான் பிடித்துத் தெற்கே சென் லூசியா தீவுவரை கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதைக் கண்ட பிறகே அத்தீவினர் சேன்-பியேரின் கதியை அறிந்தார்கள்.

ஊருக்குள் இருந்து பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளியான லெயோன் கொம்பேர்-லெயாந்த்ர் ஒருவர். மற்றொருவர் உலகப் புகழ் பெற்ற கைதி. அவர் அடைபட்டிருந்த கல்லறை போன்ற சிறையறை நாடக அரங்குக்குப் பின்னால் இன்றும் இருக்கிறது. தடித்த கற்சுவர், மலைக்கு எதிர்ப்புறம் பார்த்த வாசல், காற்று நுழையச் சிறு திறப்பு. உடல் வெந்து மூன்று நாள் உள்ளே கிடந்தவரை, இடிபாடுகளைப் பார்க்க வந்தவர்கள் முனகல் கேட்டு வெளியே எடுத்தனர். பின்னர் பார்னம்-பெய்லி சர்க்கஸ் நிறுவனம் அவரை அமெரிக்கா முழுதும் அழைத்துச் சென்று, மாதிரிச் சிறையறை ஒன்றின் முன்னால் நிறுத்திக் காசு பார்த்தது. அவர் 1929-இல் பனாமாவில் இறந்தார். வியப்பு என்னவென்றால், இத்தனை புகழ் பெற்றவருடைய பெயரே இரண்டாக வழங்குகிறது. லூயி-ஒகுஸ்த் சிபாரிஸ் என்பர் சிலர்; லுட்ஜர் சில்பாரிஸ் என்பர் வேறு சிலர். உயிர் தப்பிய ஒருவர் பெயரே இப்படியென்றால், மாண்ட 28,000 பேரின் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நகராட்சி ஏடுகள் ஊரோடு எரிந்தன. ஆயினும் 1776 ஜூனில் பிரெஞ்சு அரசன் பிறப்பித்த ஓர் ஆணை இங்கே கைகொடுத்தது. தீவுகளில் புயலும் கறையானும் ஏடுகளை அழிப்பதைக் கண்டு, பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கு மறுபடி ஒன்று எழுதி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என்றது அந்த ஆணை. அவ்வாறு கடல் கடந்து சென்ற படிகள் தென் பிரான்சின் ஏக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாட்டன் பூட்டன் பெயர் தேடுவோர் இன்று அவற்றையே நாடுகிறார்கள். ஆனால் இறந்தவர் பெயர் ஏட்டில் ஏற வேண்டுமானால் இறப்பை அறிவிக்க ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். குடும்பத்தோடு மாண்டவர்களுக்கும், மலையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கும் அந்த ஒருவர் இல்லை.

எஞ்சிய ஊரை மக்கள் மெல்ல மீட்டனர். பழைய சுவரில் புதுக்கூரை சாத்தினர். பழைய தெருக்கோட்டிலேயே புதுத்தெரு அமைத்தனர். போர்தோவில் படித்துக்கொண்டிருந்ததால் உயிர் தப்பிய விக்தோர் தெபாஸ் என்ற இளைஞர், குடும்பம் முழுவதையும் இழந்த பின்னரும் திரும்பி வந்து 1917-இல் மலையடிவாரத்தில் ரம் வடிக்கும் ஆலையை மீண்டும் எழுப்பினார். 1923-இல் சேன்-பியேர் மறுபடியும் தனி நகராட்சியாயிற்று. மலையின் அடுத்த சீற்றம் 1929 முதல் 1932 வரை நீடித்தது. அதைப் பக்கத்திலிருந்தே ஆராய்ந்த அமெரிக்கர் ஃபிராங்க் பெரெட் 1933-இல் சிறு அருங்காட்சியகம் ஒன்றை ஊருக்கு அளித்தார். நசுங்கிய பேராலய மணி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஆணிகள், உருகிய கண்ணாடிக் கிண்ணங்கள் அங்கே வைக்கப்பட்டன. நெடுநாள்வரை பயணிகள் கண்டது இவற்றைத்தான். அவர்களை ஊர் சுற்றிக்காட்ட ஓடிய சிறு வண்டிக்குச் சிபாரிஸ் பெயரையே வைத்திருந்தார்கள்.

2019-இல் அந்த அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு ‘1902 பேரழிவு நினைவகம்’ என்ற பெயரோடு திறக்கப்பட்டது. அதன் சுவரில் மாண்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏடுகளையும் குடும்ப ஆவணங்களையும் துருவித் திரட்டியவை ஏழாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பெயர்கள். நான்கில் மூன்று பங்கினரின் பெயர் அதில் இல்லை. உருகிய பொருள்களைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர் இந்தச் சுவர் முன் நிற்கும்போதுதான், பெயரில்லாமல் போன இருபதாயிரம் பேரின் அளவு அவருக்கு விளங்கும்.

கடலடியிலும் ஒரு சேன்-பியேர் இருக்கிறது. 1974 முதல் மிஷேல் மேத்தேரி என்ற முக்குளிப்பாளர் மூழ்கிய கப்பல்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார். ‘ரொரைமா’ சுமார் 50 மீட்டர் ஆழத்தில், தன் அடித்தட்டின் மீது நிமிர்ந்தே நிற்கிறது. 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் பெலே மலையையும் வட மார்த்தினீக்கின் காட்டுச் சிகரங்களையும் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பயணிகளின் வரவு அதனால் இன்னும் கூடலாம். நாடக அரங்கின் இரட்டைப் படிக்கட்டில் நின்று படமெடுத்துக்கொள்வோர் அங்கிருந்து சிறையறையைப் பார்க்கலாம், மலையைப் பார்க்கலாம். ஒரேலி வந்து நின்ற கடல் அவர்களுக்கு முதுகுப்புறம் இருக்கும்.

அதில் வந்தவர்களின் வழித்தோன்றல்களைக் காண மலையைச் சுற்றிக்கொண்டு வடக்கே போக வேண்டும். அங்கே பாஸ்-பொய்ன்த் என்ற ஊரைச் சுற்றிய கரும்புத் தோட்டங்களிலும் வாழைத் தோட்டங்களிலும் தமிழர் பலர் உழைத்தார்கள். கவிஞர் எமே செசேர் 1913-இல் பிறந்ததும் இவ்வூரில்தான். மாரியம்மனை அங்கே மாரியெமென் என்கிறார்கள். மதுரை வீரன் மால்தெவிலேன் ஆகிவிட்டான். நாகூர் ஆண்டவர் பெயரில் கொடிமரம் நடுவதும் உண்டு. தீவு முழுவதும் சமைக்கும் கொலொம்போ என்னும் கறிக்கு நம் குழம்பே மூலம் என்போர் உள்ளனர். இலங்கையின் தலைநகரைக் காட்டுவோரும் உள்ளனர். வழிபாட்டில் பாடும் தமிழ்ப் பாட்டுகளைத் தந்தை வாயிலிருந்து மகன் செவிவழியாகக் கற்று வைத்திருக்கிறான். பொருள் பாதி நழுவிவிட்டது, ஓசை நழுவவில்லை. அங்கே முழங்கும் வட்டமான தோற்கருவிக்குத் தப்பு என்ற பெயர் ஏறத்தாழ அப்படியே வழங்குகிறது. ரொமேன் முழவடித்த ப்ரெஷேர் ஊர் மலைக்கு மேற்கே. தப்பு ஒலிக்கும் இக்கோயில்கள் மலைக்கு வடக்கே. விழாத் தொடங்குமுன் சிறு நெருப்பு மூட்டி, தப்பின் தோலை அதன் மேல் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, சுருதி ஏறும்வரை மீண்டும் காட்டுகிறார்கள்.